முதலில் பல்பு, அப்புறம்தான் விளக்கு

புதுச்சேரியில் லாஸ்பேட்டையோ ரெட்டியார்பாளையமோ, கடலூரில் மஞ்சக்குப்பமோ, எங்கள் பக்கத்தில் இருபது இருபத்தைந்து வருடத்துக்குள் கட்டிய எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பிடும் இடம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஹாலின் கடைசியில், சமையலறை வாசலை ஒட்டி, ஆறு நாற்காலி போட்ட மேசை. அதற்கு மேலே ஃபேன். வெளிச்சத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஏழடி உயரத்தில் ஒரு ட்யூப்லைட். சுவரோரம் உட்காருகிறவரின் தலை நிழல் அவர் தட்டிலேயே விழும். எதிர் வரிசையில் உட்காருகிறவருக்கு ட்யூப் நேராகக் கண்ணில் அடிக்கும். இரண்டு பேருமே அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பழகிவிட்டது.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டி முடித்ததும், எலக்ட்ரீஷியன் வந்து பைப் ஓட்டுவார். ஹாலுக்கு நடுவில் ஃபேன் பாக்ஸ், சுவருக்கு ட்யூப் பாயின்ட், டிவிக்கு ஒரு பாயின்ட். மேசை எங்கே வரப்போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது கிரகப்பிரவேசம் முடிந்து கடன் கொஞ்சம் தணிந்த பிறகு வரும், இல்லையென்றால் கல்யாணச் சீரில் வரும். வந்ததும் ஃபேன் காற்று எங்கே விழுகிறதோ அங்கே போய் நிற்கும். ஆக, நம் வீடுகளில் மேசையின் இடத்தை முடிவு செய்வது காற்றுதான். வெளிச்சத்தை யாரும் கேட்பதில்லை.

நான் இந்த விஷயத்தில் இறங்கியது அத்தைக்காக. என் வீட்டுக்காரரின் அம்மா. எழுபது தாண்டிவிட்டது. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாகவே பார்க்கிறார், பேப்பர் படிக்கிறார், ஊசியில் நூல் கோக்கிறார். ஆனால் ராத்திரியில் மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கேட்டால், “முள்ளு தெரியலம்மா. வாய்ல வச்சிக்கிட்டுத் தேட வேண்டியிருக்கு” என்றார். வஞ்சிரம் என்றால் பரவாயில்லை, நடுமுள்ளோடு போயிற்று. அத்தைக்குப் பிடித்ததெல்லாம் மத்தியும் கிழங்காவும் சங்கராவும். அந்த முட்களைப் பகலில் தேடுவதே பெரிய வேலை.

வயதான கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை என்பது நாம் நினைப்பதைவிட அதிகம். வயதாக ஆகக் கண்மணி சுருங்கிப்போகிறது, லென்ஸ் பழுப்பேறுகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் அறுபது வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகும் என்று சொல்வார்கள். புரையை எடுத்துப் புது லென்ஸ் வைத்தால் பழுப்பு போய்விடும், கண்மணி பெரிதாகாது. வயதானால் கூச்சமும் முன்பைவிட அதிகம் தெரியும். அதனால் பெரியவர்களுக்குத் தட்டில் வெளிச்சம் கூட வேண்டும், கண்ணில் குறைய வேண்டும். சுவர் ட்யூப்லைட் செய்வது இதற்கு நேர் எதிர்.

சரி, மேசைக்கு மேலே ஒரு தொங்கும் விளக்கு போட்டுவிடலாம் என்று டவுனுக்குக் கிளம்பினோம்.

விளக்குக் கடையில் விளக்கு வாங்குவது ஒரு வேடிக்கை. உள்ளே நுழைந்தால் தலைக்கு மேல் அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் எரியும். எது எவ்வளவு வெளிச்சம் தருகிறது, அந்த வெளிச்சம் எப்படிப்பட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிவது உருவம் மட்டும்தான். உருவத்தைப் பார்த்து வாங்கி வந்து மாட்டினால், ராத்திரி எட்டு மணிக்குத்தான் அதன் வெளிச்சம் என்ன என்று தெரியும். கடைப் பையன் ஒவ்வொன்றாகக் காட்டி, “இது இப்ப நல்லா போவுதுக்கா” என்றான். கண்ணாடிக் குண்டுக்குள் கம்பி தெரிகிற பல்பு, ஒன்றுக்குள் ஒன்றாகத் தொங்கும் மூன்று வளையம், படிகக் கல் சரம். “இதுல என்னப்பா பல்பு?” என்று கேட்டேன். “எது வேணாலும் போட்டுக்கலாம்க்கா.”

எனக்கு உடன்பாடு இல்லாதது இந்த இடத்தில்தான். பல்பு எதுவானாலும் சரி என்றால் மீதி எல்லாம் வெறும் அலங்காரம். முதலில் பல்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பல்பை எந்தக் கூடு நன்றாக மறைக்கிறது என்று அப்புறம் பார்க்க வேண்டும்.

பல்பு அட்டைப்பெட்டியில் மூன்று எண்கள் பார்த்தால் போதும். ஒன்று லூமன், மொத்த வெளிச்சத்தின் அளவு. இப்போதைய 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமன் தரும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது இதைவிடக் கொஞ்சம் குறைவு. வாட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கணக்குப் போடும் பழக்கம் குண்டு பல்போடு போய்விட்டது, ஆனால் நாம்தான் இன்னும் “எத்தனை வாட்ஸு?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்தது கெல்வின், வெளிச்சத்தின் நிறம். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 3000 அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு, கடையில் இரண்டையுமே வார்ம் ஒயிட் என்பார்கள். 4000 நடுவாந்திரம். 6500 என்பது நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே கையில் கொடுக்கும் நீலம் கலந்த வெள்ளை.

நமக்கு ஏன் இந்த வெள்ளை மேல் இவ்வளவு ஆசை என்று யோசித்திருக்கிறேன். வோல்டேஜ் குறைந்து, குண்டு பல்பு சிவந்த கம்பியாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சமயத்தில் ட்யூப்லைட் போட்ட வீடு என்றால் வசதியான வீடு. மஞ்சள் வெளிச்சம் என்றால் வறுமை, வெள்ளை என்றால் சுத்தம் என்று மனதில் பதிந்துவிட்டது. வெயில் ஊர்க்காரர்களுக்கு வெள்ளை குளிர்ச்சியாகவும் தெரியும். பிறகு எல்இடி வந்தது. பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டுச் சொற்ப விலைக்கு எல்இடி பல்பு வாங்கிக்கொள்ளும் திட்டம் நாடு முழுக்க வருவதற்கு முன்பே, 2014-ல், புதுச்சேரியில் தொடங்கிவிட்டது. அந்த வகையில் நாங்கள் முன்னோடி ஊர். கரன்ட் பில் குறைந்தது, வெளிச்சம் கூடியது. என்ன நிறம் என்று அப்போது யார் கேட்டார்கள்.

மூன்றாவது எண்தான் சாப்பாட்டு மேசைக்கு முக்கியம், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சிஆர்ஐ. பொருளின் நிறத்தை வெளிச்சம் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் மதிப்பெண். குண்டு பல்புக்கு 100. சாதாரண எல்இடிக்கு 80 பக்கம். வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது உண்மையில் நீல எல்இடி. அதன் மேல் பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பரில் (நீலத்தை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பூச்சு) நீலம் பட்டு, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்ததும் அதே 2014-ல்தான். நீலமும் மஞ்சளும் சரி, சிவப்புக்கு எங்கே போவது? மலிவான பல்பில் சிவப்பு பஞ்சம். சிஆர்ஐ மதிப்பெண்ணோ எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அதில் அடர்சிவப்பு கிடையாது. அது ஒன்பதாவது நிறம், ஆர்9 என்று தனியாகப் போடுவார்கள். அதாவது சிவப்பில் கோட்டை விட்ட பல்பும் 80 வாங்கிப் பாஸாகிவிடலாம்.

தமிழ்ச் சாப்பாட்டில் சிவப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? மீன் குழம்பு, தக்காளி ரசம், பீட்ரூட் பொரியல், மாங்காய் ஊறுகாய், வறுத்த மிளகாய். 6500 கெல்வின், 80 சிஆர்ஐ பல்புக்குக் கீழே எங்கள் வீட்டு மீன் குழம்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். குழம்பு செம்மண் நிறத்தில் மந்தமாகக் கிடந்தது. மேலே மிதக்கும் எண்ணெய் தனியாகத் தெரியவில்லை. மீன் துண்டின் சதையும் முள்ளும் ஒரே சாம்பல். பிறகு அதே ஹோல்டரில் 3000 கெல்வின், 90-க்கு மேல் சிஆர்ஐ உள்ள பல்பை மாட்டினோம். எண்ணெய் ஓரத்தில் சிவப்பாகப் பிரிந்து நின்றது, சதை வெள்ளையாக, முள் அதிலிருந்து விலகிக் கண்ணாடி நிறத்தில். கருவேப்பிலைகூடக் கருப்பிலிருந்து பச்சையானது. 90 சிஆர்ஐ பல்பு எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டு வரவழைக்க வேண்டும், விலையும் கூட. ஆனால் வீட்டில் எல்லா இடத்துக்கும் வேண்டாமே, மேசைக்கு மட்டும் போதும்.

2700 போட்டுப் பார்த்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அத்தை தட்டைப் பார்த்துவிட்டு, “சோறு என்ன, நேத்து வடிச்சதாட்டம் இருக்கு?” என்றார். நியாயம்தான். ரொட்டியும் இறைச்சியும் சாப்பிடுகிற ஊரில் 2700 எடுபடும். தட்டின் நடுவில் வெள்ளைச் சோறு உட்கார்ந்திருக்கும் வீட்டில் அந்த வெள்ளை வெள்ளையாக இருந்தாக வேண்டும். 3000-க்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இனி கூடு. நவீன விளக்கு என்ற பேச்சு வந்தால் டென்மார்க்கைச் சேர்ந்த போல் ஹென்னிங்சனைத் தவிர்க்க முடியாது. 1894-ல் பிறந்தவர், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவர். மின்சார பல்பு வந்ததும் அதன் கூச்சம் அவரைப் படுத்தியது. 1920களின் நடுவிலிருந்து ஆயுள் முழுக்க அவர் செய்ததெல்லாம் ஒரே வேலை: எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படக்கூடாது, வெளிச்சம் மட்டும் வர வேண்டும். அதற்காகத் தட்டுத் தட்டாக அடுக்கிய கூடுகளை வரைந்தார். 1958-ல் வந்த பிஎச் 5 சாப்பாட்டு மேசைக்காகவே வாங்கப்படுகிற விளக்கு. 50 சென்டிமீட்டர் அகலம், மேசைக்கு மேல் 60 சென்டிமீட்டரில் தொங்கவிடச் சொல்வார்கள். அதன் உள்பக்கத்தில் சின்னதாகச் சிவப்பும் நீலமும் பூசியிருப்பார். நடுவில் உள்ள மஞ்சள், பச்சைக்குக் கண் தானாகவே ஈடுகொடுக்கும், இரண்டு ஓரத்திலும் உள்ள சிவப்புக்கும் நீலத்துக்கும் கை கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்இடி பல்பின் சிவப்புப் பஞ்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அவர் அதற்கு மருந்து வைத்திருக்கிறார். அசல் விளக்கு இங்கே வந்து சேரும்போது ஒரு ஸ்கூட்டர் விலை ஆகிவிடும். நான் அதை வாங்கச் சொல்லவில்லை. கடையில் எந்த விளக்கைப் பார்த்தாலும் அவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள் என்கிறேன்: நாற்காலியில் உட்கார்ந்தால் பல்பு தெரியுமா?

தெரியும் என்றால் வேண்டாம். இந்த ஒரு கேள்வியிலேயே கடையில் பாதி விளக்கு கழிந்துவிடும். ஒயிட் டவுன் காபிக் கடைகளில் தொங்குகிற கம்பி தெரியும் பல்புகள் முதலில் போகும். போட்டோவில் அழகு, எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டால் கண்ணை மூடினாலும் கம்பி தெரியும். தெளிவான கண்ணாடிக் குண்டும் அப்படியே. பால் கண்ணாடி என்றால் பரவாயில்லை. வளைய விளக்குகளில் எனக்கு வேறு சண்டை உண்டு. அதில் எல்இடி உள்ளேயே ஒட்டியிருக்கும், தனியாகக் கழற்றி மாற்ற முடியாது. மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில் எல்இடிக்குக் கரன்ட்டைச் சீராக்கிக் கொடுக்கும் அதன் டிரைவர் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் கடைக்காரர் வாரண்டி அட்டையைக் காட்டுவார். அதே டிரைவர் பிறகு கிடைக்காவிட்டால் மொத்த விளக்கையும் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் போட வேண்டியதுதான். பல்பு மாற்றக்கூடிய விளக்கு என்றால் தெருமுனைக் கடையில் வேலை முடிந்தது. ஹோல்டரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பல்புகள் பின் வைத்து மாட்டுகிற பி22. புது மாதிரி தொங்கும் விளக்குகள் பெரும்பாலும் திருகுகிற ஈ27. பல்பை முதலில் வாங்கச் சொன்னேன் அல்லவா, இதைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

உயரத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் புத்தகங்களும் வீடியோக்களும் மேசைக்கு மேல் 75-லிருந்து 90 சென்டிமீட்டர் என்று சொல்லும், ஹென்னிங்சன் ஆட்கள் 60 என்பார்கள். அங்கே எல்லோரும் உட்கார்ந்துகொண்டு பாத்திரத்தைக் கைமாற்றிக்கொள்வார்கள். நம் வீட்டில் ஒருவர் நின்றுகொண்டுதான் இருப்பார். கரண்டியோடு மேசையைச் சுற்றி வருவார், குனிந்து பரிமாறுவார், அந்தப் பக்கம் உள்ள ரசக் கிண்ணத்தை எட்டி எடுப்பார். பெரும்பாலும் அது நான். மேசை 75 சென்டிமீட்டர் உயரம், அதற்கு மேல் 60 விட்டால் விளக்கின் விளிம்பு தரையிலிருந்து 135-ல். நின்று பரிமாறுகிறவரின் தோளுக்குப் பக்கத்தில். சூடான சாம்பார் வாளியோடு அந்த உயரத்தில் இரும்புத் தட்டைத் தொங்கவிட்டு யாராவது குடித்தனம் செய்ய முடியுமா? எங்கள் வீட்டில் மேசைக்கு மேல் 85 வைத்தோம். விளிம்பு தரையிலிருந்து 160. பரிமாறுகிறவர் நெற்றிக்குச் சற்று மேலே, உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தடையில்லை. இவ்வளவு உயரம் வைத்தால் பல்பு கூட்டுக்குள் நாலு விரல் ஆழமாவது போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

அகலத்துக்கு, மேசை அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவான கணக்கு. எங்களுடையது ஐந்தடிக்கு மூன்றடி. அதனால் ஒன்றரை அடி அகலத்தில் ஒரே கூடு. மேசை ஆறடிக்கு மேல் நீளம் என்றால் சின்னதாக இரண்டு நன்றாக இருக்கும்.

இப்போது ஃபேன். வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் இந்த அத்தியாயம் இருக்காது. மேசைக்கு நேர் மேலே ஃபேன் இருக்கும்போது விளக்கை எங்கே தொங்கவிடுவது? ஃபேனைச் சுற்றி ஃபால்ஸ் சீலிங் அடித்து, அதில் நாலு ஸ்பாட் லைட் பதிப்பதைத்தான் பல வீடுகளில் செய்கிறார்கள். ஃபேன் இறக்கை விளக்குக்குக் கீழே ஓடினால் வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும், தட்டு மினுக்மினுக்கென்று துடிக்கும். ஐந்து நிமிடத்தில் தலைவலி. இறக்கை எட்டாத தூரத்துக்கு ஸ்பாட்டைத் தள்ளிவைத்தால், நம்முடைய சாதாரண ஃபேனின் விட்டமே 1200 மில்லிமீட்டர், நாலடி. ஸ்பாட் மேசையைத் தாண்டிப்போய் உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால் விழும். திரும்பவும் தட்டில் தலை நிழல்.

எங்கள் எலக்ட்ரீஷியனிடம் ஃபேனைக் கழற்றிவிட்டு அதே கொக்கியில் விளக்கை மாட்டலாம் என்றேன். கொக்கி காங்கிரீட்டில் பதிந்தது, ஃபேனையே தாங்குகிறது, ஒயரும் அங்கே வந்து நிற்கிறது, புதிதாக எதையும் உடைக்க வேண்டாம். அவர் ஏணி மேல் நின்றபடியே என்னைப் பார்த்தார். “சித்திரை மாசத்துல ஃபேன் இல்லாம சாப்டுவீங்களாம்மா?” அவர் கேட்டதும் சரிதான். கத்தரி வெயிலில் கடல் காற்று வர மத்தியானம் ஆகிவிடும், சில நாள் வரவே வராது. அதனால் சுவரில், ட்யூப்லைட் இருந்த பாயின்டில், சுற்றித் திரும்புகிற சுவர் ஃபேன் ஒன்று. அது நேராக ஆள் மேல் வீசும், சொல்லப்போனால் பழைய ஃபேனைவிடக் காற்று கூட. ஒரு சிக்கல் வந்தது. சுவர் ஃபேன் திரும்பும்போதெல்லாம் ஒயரில் தொங்கிய விளக்கு ஆடும், மேசையில் இருக்கும் அத்தனை நிழலும் கூடவே ஆடும். அதற்கு மருந்து எலக்ட்ரீஷியனிடமே இருந்தது. ஃபேனைத் தாழ்த்தி மாட்டுவதற்கு விற்கிற இரும்பு ராடு, நாலடி நீளத்தில் ஒன்று வாங்கி வந்து, ஒயரை அதற்குள் விட்டு, விளக்கை ராடோடு சேர்த்து முடுக்கிவிட்டார். பத்தடி சீலிங்கிலிருந்து 160 சென்டிமீட்டருக்கு இறங்க, கூட்டின் உயரத்தையும் சேர்த்தால் நாலடி ராடு சரியாக இருந்தது. வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டோம். பார்க்கிறவர்கள் ஏதோ டிசைன் என்று நினைக்கிறார்கள், நானும் திருத்தவில்லை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தாலியில் காஸ்திலியோனி சகோதரர்கள் 1962-ல் செய்த ஆர்க்கோ என்ற விளக்கு, சீலிங்கில் ஓட்டை போடாமல் மேசைக்கு மேல் வெளிச்சம் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. தரையில் கனமான கராரா சலவைக்கல், அதிலிருந்து வில்லாக வளைந்து வரும் எஃகுக் கம்பி, நுனியில் விளக்கு. மேசையைச் சுற்றி ஆள் நடமாட இடம் விட்டுத்தான் வளைவையே போட்டிருக்கிறார்கள். கல்லில் ஒரு துளை இருக்கும், அதில் துடைப்பக் கட்டையைச் செருகி இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம். அந்த மாதிரியில் மலிவான வில் விளக்குகள் இப்போது இங்கேயும் கிடைக்கின்றன. ஆணி அடிக்கவே முகம் சுளிக்கும் வீட்டு ஓனர் இருந்தால் அதுதான் வழி. அடிப்பாகம் கனமா என்று மட்டும் கடையிலேயே அசைத்துப் பாருங்கள், குழந்தைகள் ஓடுகிற வீடு என்றால் இரண்டு தடவை அசைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு தனியாக உண்டு, உப்பு. தேவனாம்பட்டினமோ வைத்திக்குப்பமோ, கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் இரும்பில் குரோம் முலாம் பூசிய எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். முதல் மழைக்காலம் முடியும்போதே முலாமுக்கு அடியில் துரு புள்ளி புள்ளியாகக் கிளம்பும். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் தாங்குகிறது. பித்தளை கருக்கும், புளி போட்டுத் தேய்த்தால் வெளுக்கும், எங்கள் அத்தைக்கு அது ஒரு பொழுதுபோக்கு, எனக்கு இல்லை. பிரம்புக் கூடை விளக்கு பார்க்க லட்சணம், ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சமையலறைக்குப் பக்கத்தில் என்றால் எண்ணெய்ப் புகையும் தூசியும் பின்னலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கைக்காகிதத்தில் செய்யும் விளக்குக் கூடுகள் எங்கள் பக்கத்தில் நன்றாகக் கிடைக்கும். அரவிந்தர் ஆசிரமத்துக் காகிதப் பட்டறை பழைய பெயர், ஆரோவில் பக்கமும் செய்கிறார்கள். ஜப்பானின் கிஃபு ஊர்க் காகித விளக்குகளைப் பார்த்து இசாமு நொகுச்சி 1951-ல் தொடங்கிய அகாரி விளக்குகளின் சாயல் அவற்றில் இருக்கும். படுக்கையறைக்கு அருமை. தாளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஈசலை மறந்துவிடக்கூடாது. மழை விட்ட சாயங்காலம் ஜன்னல் திறந்திருந்தால் ஈசல் நேராக மேசை விளக்குக்குத்தான் வரும், இறக்கையைச் சாம்பாரில் உதிர்த்துவிட்டுப் போகும். நீலம் கலந்த வெள்ளைக்கு வருகிற அளவுக்கு மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி வராது, 3000 கெல்வினுக்கு அது இன்னொரு சிபாரிசு. மேல்பக்கம் திறந்த கூடு என்றால் செத்த பூச்சியெல்லாம் உள்ளே சேரும். மேலே மூடிய, கீழே மட்டும் திறந்த கூடு நமக்குச் சௌகரியம். ஆனால் அப்படி மூடினால் சீலிங் இருட்டாகிவிடும், அறையே குகை மாதிரி தெரியும். அதனால் சுவரோரம் மங்கலாக இன்னொரு விளக்கு தேவை. எங்கள் வீட்டில் பாத்திர அலமாரி மேல் ஒரு ஸ்ட்ரிப் லைட்டை அலுமினிய ப்ரொஃபைலில் வைத்து மேல்நோக்கித் திருப்பிவிட்டோம். அது சீலிங்கில் பட்டுப் பரவுகிறது.

பழைய தமிழ் வீடுகளில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மரக் குறுக்குக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் சீலிங் என்றால் கட்டையில் எங்கே வேண்டுமானாலும் கொக்கி போடலாம், மேசையை வைத்த இடத்துக்கு விளக்கு வரும். முற்றத்து வெளிச்சம் தாழ்வாரத்தில் விழுவதால் பகலில் ஸ்விட்சே போட வேண்டாம். புதுக் கட்டடக் கலைக்கும் அந்தப் புத்தி வந்திருக்கிறது. அன்டோனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கிக் கட்டிய, ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியில் சுவருக்குப் பதில் திறந்து மூடும் பட்டைகள். 1937-ல் தொடங்கிய கட்டடம். வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது. பல்பை மறைத்து வெளிச்சம் எடுத்த ஹென்னிங்சன் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலை, இவர்கள் சூரியனிடம் செய்தார்கள்.

டிம்மர் வேண்டுமா என்று கேட்டார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரையே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சாதாரண எல்இடி துடிக்கும், பல்பும் சீக்கிரம் போகும். டிம்மர் போட்டால் பல்புப் பெட்டியில் டிம்மபிள் என்று எழுதியிருக்க வேண்டும். டிம்மரே இல்லாமல்கூடச் சில மலிவு பல்புகள் துடிக்கும். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 துடிப்பு, கண்ணுக்குத் தெரியாது, தலைவலியாகத் தெரியும். போன் கேமராவில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தால் பட்டை பட்டையாக ஓடும். கடையிலேயே எடுத்துப் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். எங்களுக்கு டிம்மர் அவசியப்படவில்லை. மேசை விளக்குக்கு ஒரு ஸ்விட்ச், அலமாரி விளக்குக்கு ஒரு ஸ்விட்ச். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அலமாரி மட்டும்.

இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தாயிற்று. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களுக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறிய பிறகு எத்தனையோ தெருக்கள் பல நாள் இருட்டில் கிடந்தன, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து அதை ஞாபகப்படுத்திவிட்டுப் போனது. 9 வாட் பல்பு பேட்டரிக்கு ஒரு பொருட்டே இல்லை. கரன்ட் போனால் வீட்டில் எல்லோரும் அந்த மேசைக்குத்தான் வருகிறார்கள், பிள்ளைகள் வீட்டுப்பாடம் உட்பட.

அத்தை இப்போது ராத்திரியிலும் கிழங்கா வறுக்கச் சொல்கிறார். மாமா மட்டும் இன்னும் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விடுகிறார், அவருக்கு எந்த விளக்கும் ஒன்றுதான்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: சென்ட்ரிங் அடிக்கும் நாளன்று மேஸ்திரியிடம் ஒரு சாக்பீஸ் வாங்கி, பலகை மேல் மேசையை முழு அளவில் வரைந்துவிடுங்கள். அதன் நடுவில் ஒரு கொக்கியும் பாயின்டும். ஃபேனுக்கு அங்கிருந்து நாலடி தள்ளி இன்னொரு பாக்ஸ், பக்கத்துச் சுவரில் ஏழடியில் ஒரு பாயின்ட். “பாயின்ட்டு எல்லாம் எக்ஸ்ட்ரா ஆவும்” என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். ஆகட்டும், அன்றைக்கு ஆகிற செலவு பைப்பும் பெட்டியும்தான். குடிவந்த பிறகு என்றால் சீலிங்கைக் கொத்த வேண்டும்.